குணமானவர் வீட்டுக்கு ஆறாவது ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போயிருந்தேன். எல்லோரும் சிற்பம் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒருவருடைய வாயைப் பார்க்க!

வாய்க்குச் சொந்தக்காரர் காதர். செங்கல்பட்டு ஹைஸ்கூலில் என்னோடு படித்தவர். இப்போது மகாபலிபுரத்தில் ஒரு பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். நாலு வருஷத்துக்கு முன் இடது கன்னத்தின் உள்பக்கம் அவருக்குப் புற்றுநோய் வந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு உத்தியோகம் வந்து சேர்ந்தது. 'புற்று' என்று டாக்டர் சொன்னதுமே பலர் வீட்டிலேயே முடங்கிவிடுகிறார்கள். பட்டணம் போனால் பிணமாகத்தான் திரும்ப வேண்டும் என்று பயம். அப்படிப்பட்டவர்களைப் பஸ் ஏற்றிக் காதரிடம் கூட்டிப்போவேன். பெண் பார்க்கப் போவது மாதிரி, குணமான ஆளைப் பார்க்கப் போவது! காதர் வாயைத் திறந்து காட்டுவார். வந்தவருக்குத் தெம்பு வந்துவிடும். இப்படி ஐந்து பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆறாவது ஆள் தணிகாசலம். கோர்ட்டுக் குமாஸ்தா. நாக்கு ஓரத்தில் ஆறாத புண். 'ஆஸ்பத்திரியா? மாட்டவே மாட்டேன்' என்று ஒரு மாதமாக அடம்.

காதர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, டார்ச் லைட்டைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"நல்லா அடிச்சுப் பாருங்க சார். எங்கனா புண்ணு கீதா? நாலு வருஷமாச்சு. சோறு துன்றேன், டூட்டி பாக்கறேன். இன்னாத்துக்கு பயம்?"

தணிகாசலம் பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "புதன்கிழமை போறேன்" என்றார். கூட வந்த அவர் மனைவிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். வந்ததுதான் வந்தோம் என்று இருவரும் கடலைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

நான் டீக்காக உட்கார்ந்தேன். காதரின் மனைவி ஹலீமா டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இனிமே யாரையும் இட்டாராதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா?"

"வர்றவங்க தெகிரியமா போயிடறாங்க. இவரு பத்து நாளைக்கு ஒழுங்கா துன்ன மாட்டாரு. கண்ணாடி முன்னாடி டார்ச்ச வெச்சுகினு நிப்பாரு. 'இங்க இன்னாவோ சொரசொரன்னு கீது, பாரு'ன்னு என்னையக் கூப்பிடுவாரு. ஒண்ணுமில்லன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

காதர் மறுப்பார் என்று பார்த்தேன். மறுக்கவில்லை.

"என்னப்பா இது? வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்னு டாக்டரே சொல்லிட்டாரே!" என்றேன்.

"சொன்னாரு. இவ பள்ளிவாசல்ல சக்கரை குடுத்தா. நான் பஸ்ஸுல திரும்பி வரச்சொல்ல வழியெல்லாம் அழுதுகினே வந்தேன்."

"அழுதியா? ஏன்?"

"இத்தினி நாளு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி அவரு பாத்து, ஒண்ணுமில்லன்னு சொல்வாரு. இனிமே ஒரு வருஷம் யாருப்பா பாப்பாங்க?"

காதரே தொடர்ந்தார்.

"செய்யூர்க்காரர் ஒருத்தர இட்டாந்தியே... போயிட்டாரு இல்ல?"

வேண்டுமென்றேதான் அதை அவரிடம் மறைத்திருந்தேன். ஆனால் டைம் கீப்பரிடம் எதை மறைப்பது? செய்யூர் பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டானாம்.

"அவருக்கும் இப்பிடித்தான் தொறந்து காட்னேன். ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன். அவரு போயிட்டாரு. நான் மட்டும் எப்பிடி கீறேன்? சாப்பாட்டுல கை வெச்சா அதான் நெனப்பு வருது."

காய்ச்சல் வந்தவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ரசம் சாதம் போட்டால், கதை முடிந்தது. இந்த நோய்க்கும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். ஆஸ்பத்திரியில் இருப்பவனைப் பார்க்கச் சாத்துக்குடியோடு போகிறோம். குணமாகி வந்தவனைப் பார்க்க? அடுத்த நோயாளியோடு போகிறோம்! அவன் முகம் கொஞ்சம் வாடினால், 'உயிர் பிழைச்சு வந்துட்டே, இன்னும் என்ன குறை?' என்று அதட்டுகிறோம். நானே காதரை அப்படி இரண்டு மூன்று தடவை அதட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"மன்னிச்சுக்கோ காதர். இனிமேல் யாரையும் கூட்டி வரமாட்டேன்."

"அது எப்பிடி? இன்னிக்கி இட்டாரலைன்னா அந்த குமாஸ்தா ஆஸ்பத்திரிக்குப் போவாரா?" என்று என்னையே மடக்கினார். ஹலீமா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ இட்டாந்தவங்க எல்லாம் நோவு வந்தவங்கப்பா. நோவு போயி நாலஞ்சு வருஷம் ஆனவரு யார்னா கீறாங்களா? ஒரே ஒருத்தர இட்டா. அவரும் என்னைய மாதிரி கண்ணாடி முன்னாடி நிக்கறாரான்னு கேக்கணும்."

ஒரு வாரமாக விசாரிக்கிறேன். செங்கல்பட்டில் இரண்டு டாக்டர்களைக் கேட்டேன். திருக்கழுக்குன்றத்தில் கேட்டேன். யாரும் அகப்படவில்லை. அப்படி ஆளே இல்லையா, அல்லது 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டு நம் நடுவிலேயே நடமாடுகிறார்களா?

அப்படி ஒருவர் இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு கார்டு போடுங்கள். எப்படிக் குணமானது என்று எழுத வேண்டாம் — குணமான பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.