நடுவில் நிற்காத சத்தம்

போன ஞாயிறு மத்தியானம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு அமர்க்களப்பட்டது. தங்கை வசந்தியின் ஆறு மாதக் குழந்தை அழ ஆரம்பித்தாள்... நிறுத்தவில்லை. கிலுகிலுப்பை, காக்கா, கண்ணாடி - எதற்கும் மசியவில்லை. குழந்தையின் அப்பா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி கேட்பதுபோல.

எனக்குக் கோபம் வராதா?

மாப்பிள்ளை சேகருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பதினைந்து வருஷமாக பாய்லர்களோடு குடித்தனம். ஆவி போகிற சத்தத்தை வைத்தே எந்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லிவிடுவார். மனிதர் பேச்சைத்தான் காதில் வாங்குவதில்லை என்பது வசந்தியின் நிரந்தரப் புகார்.

இந்தக் குழந்தை வயிற்றில் இருந்தபோது, வசந்திக்கு எட்டாம் மாதம். பி.பி. ஏறியது, கால் வீங்கியது, வயிறு மட்டும் வளரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாப்ளர் கருவியை டாக்டரம்மா வயிற்றில் வைத்தார். தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுகிற சத்தம் அதில் கேட்கும். உஷ்... உஷ்... அவர் முகம் மாறியது. இரண்டு துடிப்புக்கு நடுவில் ஓட்டம் நின்றுவிடுகிறது, குழந்தைக்குப் போதவில்லை, நாளைக்கே ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றார்.

எட்டில் பிறந்தால் தங்காது, ஒன்பது பிறக்கட்டும் என்று அம்மா அழுதாள். நானும் - வெட்கத்தோடு சொல்கிறேன் - அம்மா கட்சிதான். கையெழுத்துப் போட வேண்டியவரோ பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்:

“நல்லா இருக்கிற சத்தம் எப்படி இருக்கும் டாக்டர்? அதையும் கேக்கணும்.”

பக்கத்துக் கட்டிலில் வையம்பட்டிப் பெண் ஒருத்தி, நிறைமாதம். “எனக்கு வச்சுக் கேளுங்கண்ணே. எம் புள்ள ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றாள்.

வைத்தார்கள். சத்தம் ஏறியது, இறங்கியது... ஆனால் அறவில்லை. ஆடி மாதக் காவிரி. மறுபடி வசந்திக்கு. ஏறியது - நின்றது. ஏறியது - நின்றது. மணல் நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கும் சித்திரைக் காவிரி.

சேகர் பேனா கேட்டார்.

“எட்டோ ஒம்போதோ, உள்ள வரத்து இல்ல அத்தை. இனி அங்க வச்சிருக்கக் கூடாது.”

ஒன்றரைக் கிலோ. பூனைக்குட்டி மாதிரி விட்டு விட்டு அழுதாள். ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அவள்தான் ஞாயிற்றுக்கிழமை கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தவள். “தூக்கக் கூடாதா மாப்பிள்ளை?” என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“இருங்க மச்சான்... நடுவுல எங்கயாவது நிக்குதா பாருங்க.”

நிற்கவில்லை. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்.