உபயம்: ஐந்து கிளாஸ்

சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேர், எண்பதுகளின் தொடக்கத்தில், திடீரென்று நவீன ஓவியர்களாகிவிட்டோம். மனித உரிமை என்ற தலைப்பில் கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. யாரும் மண்டபம் தரவில்லை. கடைசியில் மதுரை செல்லூரில் தறி ஓடாமல் கிடந்த ஒரு கொட்டகை கிடைத்தது. பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடும்போதெல்லாம் எங்கள் படங்கள் ஆணியில் கிடந்து ஆடின.

மற்ற மூவரும் சங்கிலி, புறா, முள்வேலி என்று வரைந்து தள்ளினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். நம்ம பக்கம் யாரைச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள்? விளாங்குடி தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அங்கே ஒரே ஒரு டீக்கடை. உள்ளே பெஞ்சு ஊர்க்காரர்களுக்கு. எங்கள் காலனி ஆட்களுக்கு, வெளியே கூரை ஓரத்தில் சொருகிவைத்த ஐந்து கிளாஸ். நாமே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். குத்தவைத்துக் குடித்துவிட்டு, மறுபடி கழுவிச் சொருக வேண்டும். அந்த ஐந்தையும் அப்படியே கொண்டுவந்து வைத்தால் போதும், எதையும் வரையவே வேண்டாம் என்று தோன்றியது.

கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று நாலு பதிலைத் தயார் செய்துகொண்டு போனேன். மதுரையில் கண்காட்சி என்றதும் மனிதர் பூரித்துப்போனார். துண்டால் துடைத்துப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அந்தக் கிளாஸ்களை அவர் கையால் தொட்டு அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி, உபயம்னு நம்ம கடைப் பேரப் போட்டுருங்க. எழுத்து பெருசா இருக்கட்டும்."

என்னை அவர் தம்பி என்றதும் அன்றுதான். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயம் எழுதும் ஊர் எங்களுடையது. நானும் மஞ்சளில் எழுதிச் சிவப்பில் நிழல் கொடுத்தேன். மரப்பெட்டிகளில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிளாஸ். 'தொடாதீர்கள்' என்று நண்பன் ஒருவன் அட்டை வைத்தான். அதைப் பிடுங்கி எறிந்தேன்.

நிறைவு நாள் காலையில் என் அப்பா வந்து நின்றார். அய்யா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மகன் படைப்பைப் பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நேராகக் கிளாஸ்களிடம் போனார். ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எப்போது திருப்பித் தருவாய் என்றார்.

நான் வாங்கி வந்த நாளிலிருந்து காலனியில் ஒருத்தருக்கும் டீ இல்லையாம். கிளாஸ் மதுரைக்குப் போயிருக்கிறது, வந்ததும் வாருங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். வீட்டுச் சொம்பைக் கொண்டுபோனவரை, கடைக்கென்று ஒரு மரியாதை இல்லையா என்று விரட்டினாராம். விடியுமுன் வயலில் இறங்குகிறவர்களுக்கு மதியக் கஞ்சி வரை அந்த டீதான் தாங்கும். உள்ளே இருக்கும் கிளாஸில் கேட்க வேண்டியதுதானே என்று நான் கத்தினேன்.

"கேட்டுட்டு, மறுநா யாரு வயல்ல போயி வேலைக்கு நிக்க?" என்றார் அய்யா.

ஆத்திரத்தில் அவரைக் கொட்டகைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு இழுத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தேன். தறிக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. அய்யா நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு. தெனமும் இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வர முடியுமா?"

கொட்டகைக்குத் திரும்பி, ஐந்து கிளாஸையும் எடுத்து மஞ்சப்பையில் போட்டு அவரிடம் கொடுத்தேன். நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சாயங்கால டீக்கு எல்லாரும் காத்திருப்பார்கள் என்று அய்யா அவசரமாக பஸ்ஸுக்கு நடந்தார்.

மாலையில் விழா. சிறப்பு விருந்தினராக வந்த பேராசிரியர் புறாக்களைக் கண்டுகொள்ளவே இல்லை. காலிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றவர் நகர மறுத்தார். இல்லாமையை இவ்வளவு வலிமையாகக் காட்டிய படைப்பைத் தமிழ்நாட்டில் தாம் கண்டதில்லை என்றார். மேலே உபயம் என்று எழுதியது கலைஞனின் உச்சக்கட்டக் கிண்டலாம். உபயதாரரே முன்வரிசையில் இருக்கிறார் என்று நண்பன் உளறிவிட்டான். சலவை வேட்டியில் குடும்பத்தோடு வந்திருந்த கடைக்காரரை மேடையேற்றித் துண்டு போர்த்தினார்கள். ஒரே கைதட்டல். கிளாஸ்கள் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. பெயர் பெரிதாக இருந்ததில் அவருக்குத் திருப்தி.

எனக்குத்தான் சட்டென்று அய்யா ஞாபகம் வந்தது. கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

"பூட்டிட்டுத்தான் வந்தோம் தம்பி. இனி நாளைக்குத்தான்."

அந்நேரம் என் அய்யாவும் காலனி ஆட்களும் ஐந்து கிளாஸையும் கழுவி வைத்துக்கொண்டு, பூட்டிய கடைக்கு வெளியே குத்தவைத்திருந்தார்கள்.