ஆறு மணிக்குக் கொடுத்த காய்ச்சல் மருந்து

மாடம்பாக்கம் மெயின் ரோட்டில் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் குழந்தைகள் காப்பகம். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அங்கே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஊரில் விசேஷம், ஒரு வாரத்துக்குப் பாப்பா வராது என்று. காப்பகம் நடத்துகிற அக்கா அதை நம்பி, பாப்பாவுக்குத் தலை வாரி, பையில் இரண்டு பிஸ்கட் போட்டு, "பஸ்ல ஜன்னல் ஓரமா உக்கார வைக்காத தம்பி, காத்து படும்" என்று சொல்லி அனுப்பினார். என் சட்டைப் பையில் இருந்த போனில், சுகாதார மையத்திலிருந்து வந்த மெசேஜ் இருந்தது. பாப்பாவுக்குக் கொரோனா.

முகக்கவசமெல்லாம் தாடைக்கு இறங்கிவிட்டிருந்த காலம் அது. பெரியவர்களுக்கு வந்தால் சளி என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். முந்தின நாள் சாயங்காலம் பாப்பாவுக்கு உடம்பு சுட்டது. சுகாதார மையத்தில் நர்ஸ் மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு, "ரிசல்ட் வர்ற வரைக்கும் வெளிய விடாதீங்க" என்றார். நானும் என் மனைவியும் ஒன்றாகத் தலையாட்டினோம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் சிரப்பைக் கொடுத்தோம். எட்டு மணிக்கு உடம்பு ஜில்லென்று ஆனது. காப்பகத்தில் கொண்டு போய் விட்டோம்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. அக்கா கேட்டில் நின்று ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஆறு மணிக்குக் கொடுத்தால் மதியம் சோறு ஊட்டுகிற வரை கழுத்து சுடாது. வேலைக்குப் போகிற எல்லா அம்மா அப்பாவுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அக்காவுக்கும் தெரியும் என்பதால்தான் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை மாட்டியிருந்தார். காய்ச்சலை மறைத்து விட்டால் அந்தக் குழந்தைக்கு இனி இடம் இல்லை என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். வெறும் எழுத்து இல்லை. எங்கள் கண் முன்னாலேயே ஒரு பையனைப் பையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அந்த இடம் போனால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்கப்புறம் விடுவது எனக்குக் கைவந்த தொழிலாகிவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அட்டைப் பெட்டி கம்பெனி, மேடவாக்கத்தில் அபார்ட்மென்ட் வாட்ச்மேன், அப்புறம் தண்ணீர் லாரி. பாப்பா பிறந்து இரண்டு வருடத்துக்குள் மூன்று வீடு மாறினோம். அதில் ஒன்று மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. அம்மாவைத் தவிர யார் தூக்கினாலும் பாப்பா அலறுவாள், பேச்சும் வரவில்லை. இரண்டு காப்பகங்களில் அப்பா அம்மா இருவருடைய கம்பெனி அடையாள அட்டையும் நிரந்தர முகவரியும் கேட்டார்கள். இந்த அக்கா கேட்டது ஒன்றுதான். "ரசம் சாதம் சாப்புடுவாளா?" ஒரு மாதத்தில் பாப்பா பேச ஆரம்பித்தாள். இரண்டாம் மாதம் சாயங்காலம் வீட்டுக்கு வர மாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பிடித்து அழுத முதல் கேட் அது.

மெசேஜ் வந்தபோது நான் மேடவாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட் தொட்டிக்குள் லாரியின் குழாயை இறக்கிக்கொண்டிருந்தேன். ஓனருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"லோடு எறக்காம போனின்னா நாளைக்கு வராத" என்றார்.

"சரிண்ணா" என்று சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

நடந்துகொண்டே மனைவிக்குப் போன் போட்டேன். தாம்பரம் சானடோரியம் பக்கம் தையல் கம்பெனியில் அவளுக்கு வேலை. பாத்ரூமுக்குள் போய்ப் பேசினாள்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"ஊருக்குப் போறோம்னு சொல்லிட்டேன்."

"நல்லதா போச்சு. அப்டியே வுடு. ஒரு வாரம் கழிச்சு கூட்டினு போலாம்."

"காலைலயே காய்ச்சல் இருந்துச்சுன்னு தெரிஞ்சா..."

"அதான் சொல்றேன். வாயத் தொறக்காத. நானும் சூப்பர்வைசர்கிட்ட கேட்டுக்கினு கெளம்பறேன்."

அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. தண்டனை எதுவும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். பாப்பா பையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். கடித்து, பாதியை என் வாயில் திணித்தாள்.

"காக்காக்கடி" என்றாள்.

"காக்காக்கடின்னா துணி வச்சுக் கடிக்கணும். எச்சி படக்கூடாது."

"துணி இல்ல. குட்டிப்பாப்பாக்கும் குடுத்தேன்."

"எப்ப?"

"சோறு தின்னுட்டு. அக்கா பிஸ்கட் குடுத்துச்சு. குட்டிப்பாப்பா ஆ காட்டுச்சு."

குட்டிப்பாப்பா என்பது அங்கே வருகிற பத்து மாதக் குழந்தை. வீசிங் உண்டு. மூச்சு இழுத்தால் வைக்க வேண்டிய புகை மெஷினை அதன் அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டுக் காப்பகத்திலேயே வைத்திருந்தார். நின்றேன். பின்னால் வந்த ஸ்கூட்டிக்காரர் திட்டிவிட்டுப் போனார். அட்டையில் எழுதியிருந்ததை நினைத்துக்கொண்டேதான் திரும்பி நடந்தேன். தைரியம் என்று அதைச் சொல்ல மாட்டேன். கால் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான்.

அக்கா வாசலில் குழந்தைகளின் ஈரத் துண்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, எதையாவது வச்சுட்டுப் போயிட்டியா?"

நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னேன். நேற்றுச் சாயங்காலக் காய்ச்சல், நர்ஸ் சொன்னது, ஆறு மணி மருந்து, மெசேஜ், ஊர் விசேஷம் என்ற பொய், கடைசியாகப் பிஸ்கட். சொல்லி முடித்துவிட்டு, "அவ துணிமணி எல்லாத்தையும் எடுத்துக்கறேங்க்கா" என்றேன்.

அக்கா துண்டை உதறிக் கொடியில் போட்டார். நிதானமாகக் கிளிப் மாட்டினார்.

"காலைல பாப்பா வாயில ஸ்ட்ராபெரி வாசன வந்துச்சு" என்றார். "சிரப்பு வாசன எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் உள்ள வுட்டீங்க?"

"எனக்கு ஞாயித்துக்கெழமலேர்ந்து தொண்ட கரகரன்னு இருக்கு. அதிமதுரத்த வாயில அடக்கிக்கினு ஓட்டறேன். உன்ன நிறுத்தி வச்சு விசாரிச்சா, 'உன் கொரலு ஏன் இப்டி இருக்கு'ன்னு நீ கேப்ப. நான் கடையச் சாத்தினா எட்டு பொம்பளைங்க வேலைக்குப் போக முடியாது. அதான் பேசாம இருந்துட்டேன்."

அக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். மதியம் ஒரே பேசினில் ரசம் சாதத்தைப் பிசைந்து, குழந்தைகளை அரைவட்டமாக உட்கார வைத்து, ஒரே கையால் வாய்க்கு வாய் உருட்டிக் கொடுப்பதுதான் அக்காவின் வழக்கம். அதைத்தான் அவரும் நினைத்திருக்க வேண்டும்.

"யாரு யாருக்குக் குடுத்தோம்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார். "அட்டைய எழுதினவளே மறைச்சிருக்கேன். உன்ன எந்த வாயால போகச் சொல்றது? போன எடு. மொதல்ல குட்டிப்பாப்பா அம்மாவுக்குப் போடு."

அந்த அம்மாவிடம் நான்தான் பேசினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலைல விடறப்பவே காய்ச்சல்னு தெரியுமா?"

"தெரியும்மா. மருந்து குடுத்துட்டுதான் விட்டேன்."

போன் துண்டிக்கப்பட்டது. இருபது நிமிடத்தில் ஆட்டோவில் வந்து குழந்தையையும் மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு வாரமும் அக்காவிடம் தினம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மட்டும் அதற்கப்புறம் என்னிடம் பேசியதில்லை. அவர் பேசாதது நியாயம்தான்.

மற்றவர்களுக்கு ஆள் மாற்றி ஆள் போன் செய்தோம். ஐ.டி. கம்பெனியில் இருக்கிற ஒரு அப்பா, "இன்ஃபார்ம் பண்ணதுக்கு தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு, கால்மணி நேரம் கழித்து எங்களைத் திட்டி நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினார். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற ஒரு அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அண்ணா, என் பையனுக்கும் நேத்தே சூடு. நானும் ஆறு மணிக்குக் குடுத்துட்டுதான் விட்டேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அக்கா கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்றார் அக்கா.

இன்னொரு வீட்டிலும் இதே கதை. சாயங்காலம் மருந்துக்கடையில் கிட் வாங்கிப் பார்த்தார்கள். அக்காவுக்கும் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் இரண்டு கோடு விழுந்தது. காப்பகம் நடக்கிறதே அக்காவின் வீட்டில்தான். அவர் கணவர் வியாபாரத்துக்காக ஈரோடு போயிருந்தார். அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, உனக்கு லாரி வேல போச்சு இல்ல?"

"போச்சுங்க்கா."

"அந்த ரெண்டு புள்ளைங்க அம்மாவுக்கும் ஒரு நாள்கூட லீவு கெடைக்காதாம். உன்னுதையும் சேத்தா மூணு. மூணுக்கும் வந்தாச்சு, எனக்கும் வந்தாச்சு. நீ எப்டியும் உன் பொண்ணு கூடத்தான் இருக்கப் போற. புதுசா யாருக்கும் ஒட்ட வழியில்ல. நான் பின் ரூம்ல படுத்துக்கறேன். ஹால்ல நீ பாத்துக்க. கஞ்சி வப்ப இல்ல?"

"வப்பேன்."

போனை வைத்ததும் என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பெனியில் அவளை இரண்டு நாள் வீட்டில் இருந்து டெஸ்ட் எடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

"உன் பொண்ணத் தவிர ஒரு புள்ளைக்காவது ஜட்டி மாட்டியிருக்கியா நீ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தாள். மத்தியானத்திலிருந்து அவள் முகத்தில் இருந்த பயம் அப்போதுதான் போனது. பாப்பாவின் பையில் மறுநாளுக்கான துணியை அவளே மடித்து வைத்தாள்.

காலை ஏழரை மணிக்கு அக்கா ஜன்னல் வழியாகச் சாவியைப் போட்டார். எட்டு மணிக்குள் மற்ற இரண்டு குழந்தைகளும் வந்துவிட்டார்கள். டைப் அடிக்கிற அம்மாவின் பையனுக்கு நாலு வயது. ஹாலின் நடுவில் நின்று என்னை முறைத்தான்.

"அக்கா எங்க?"

"உள்ள படுத்துக்கினு இருக்காங்க."

"நீ யாரு?"

நான் யோசிப்பதற்குள் பாப்பா முன்னால் வந்தாள். "எங்கப்பா. தண்ணி லாரி ஓட்டும்."

"லாரி எங்க?"

"லாரிய வுட்டுட்டேன்டா" என்றேன்.

பின் அறையின் மூடிய கதவுக்குள்ளிருந்து இருமலோடு அக்காவின் குரல் வந்தது. "கத அடிக்காத தம்பி. அவன் இந்த மாரி கேள்வி மேல கேள்வி கேட்டா பாத்ரூமுக்குக் கூட்டினு போணும்."

பையனைப் பார்த்தேன். தாமதமாகிவிட்டது. அவன் காலடியில் தரை ஈரமாகியிருந்தது.

"மாப்பு எங்கக்கா கீது?" என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினேன்.