பக்க எண் போடத் தெரிந்த ஒரே ஆள்

குடிநீர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் அவரை எல்லோரும் ‘எஃப் ஏழு அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கணினியில் எழுத்துப் பிழை பார்க்கும் விசை அது. யார் எந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தாலும், படிப்பதற்கு முன்பே அக்காவின் விரல் அதன்மேல் விழுந்துவிடும். பொறியாளர் ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகையைக் காட்ட வந்தபோது அதிலும் இரண்டு பிழை கண்டுபிடித்துக் கொடுத்தார். பத்திரிகை அதற்குள் அச்சாகி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கே கடிதம் அடிக்கப் பயன்பட்டது ஓர் இலவச மென்பொருள். முகம் தெரியாத தன்னார்வலர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து எழுதியது. பதினைந்து வருடமாக அதன் தோற்றம் மாறவேயில்லை. மேலே வரிசையாக மெனுக்கள், அவற்றின் கீழே கடுகளவு படங்கள். பக்க எண் வேண்டுமென்றால் ஒரு மெனுவைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, பக்கத்தின் அடியில் ஒரு பட்டையை வரவழைத்து, பிறகு வேறொரு மெனுவுக்குப் போக வேண்டும். இந்தப் பாதை அலுவலகத்தில் அக்கா ஒருவருக்குத்தான் அத்துப்படி. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது வந்து நிற்பார்கள்.

“அக்கா, கொஞ்சம் பக்க நம்பர் போட்டுத் தாங்களேன்.”

“இருப்பா, இந்த வரியை முடிச்சிட்டு வரேன்” என்பார் அக்கா. வரி எப்போதோ முடிந்திருக்கும்.

அப்படியிருக்கையில் புது இயக்குநர் வந்து சேர்ந்தார். முதல் நாளே அக்காவின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்தீங்களா?” என்றார். உடனே கணினி பழுதுபார்ப்பவரை அழைத்து, இதை நவீனமாக்க என்ன வழி என்று கேட்டார்.

“அதுலயே புதுத் தோற்றம் ஒண்ணு இருக்கு சார். ரெண்டு கிளிக் பண்ணா வந்துடும்.”

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. “அப்படியெல்லாம் சட்டுனு பண்ணக்கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

முறைப்படி ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. அதில் மூன்று பேர் அந்த மென்பொருளைத் தங்கள் கையால் திறந்ததே இல்லை. ஒரு வாரம் பரிசோதனை என்று முடிவாகி, திங்கட்கிழமை காலை பதினொரு கணினிகளிலும் புதுத் தோற்றம் வந்தது.

அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. தெற்குத் தெருக்களில் மறுநாள் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு ஆறு முறை சேமிக்கப்பட்டு, ஒரு முறைகூட அச்சாகவில்லை. தண்ணீர் மட்டும் சொன்னபடி நின்றது. அக்காவுக்குக் கை போன இடத்தில் எதுவும் இல்லை. யாரோ அடுப்படிக்குள் புகுந்து அஞ்சறைப் பெட்டியைக் கலைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு தாளை எடுத்துக் குறைகளை எழுத ஆரம்பித்தார். செவ்வாய் மாலைக்குள் முப்பத்துநான்கு சேர்ந்துவிட்டது.

புதன்கிழமை பதினொரு மணி வாக்கில்தான் அவருக்கு உறைத்தது: காலையிலிருந்து அவர் மேசைக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த வரவேற்புப் பெண் எட்டுப் பக்கக் கடிதம் ஒன்றோடு கடந்து போனாள். அடியில் ஒன்று முதல் எட்டு வரை அழகாக எண் விழுந்திருந்தது.

“யாரு போட்டுக் கொடுத்தா?”

“நானேதான்க்கா. மேலயே பக்க எண்ணுன்னு எழுதியிருக்கே.”

அக்கா கடிதத்தை வாங்கிப் புரட்டினார். “முதல் பக்கத்துக்கு நம்பர் போடக்கூடாது.”

“ஏன்க்கா?”

“போடக்கூடாதுன்னா போடக்கூடாது.”

அன்று வீட்டில் பஸ் ஓட்டுநரான அக்காவின் கணவர் முப்பத்துநான்கு குறைகளையும் பொறுமையாகக் கேட்டார். “எனக்கும்தான் புது வண்டி கொடுத்தாங்க. இண்டிகேட்டர் இருந்த இடத்துல வைப்பர் விசை. ஒரு வாரம் வளைவுக்கு வளைவு வைப்பரைப் போட்டுக்கிட்டே திரும்பினேன். வெயில்ல கண்ணாடியைத் துடைக்கிறான்னு ஜனங்க சிரிச்சாங்க. அப்புறம் பழகிடுச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “உனக்கு அது பிடிக்கலையா, இல்ல உன்கிட்ட யாரும் கேக்க வரலையா?”

“சாப்பிடுங்க, ஆறிடும்” என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. கருத்துச் சொல்ல அக்காவையும் அழைத்திருந்தார்கள். அக்கா எகிறுவார் என்று எல்லோரும் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்கள். அவர் தன் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தார். மாற்றி மாற்றி எழுதியிருந்தாலும் முப்பத்திரண்டு குறைகள் ஒன்றேதான்: இருந்த இடத்தில் இல்லை. அவற்றை அடித்துவிட்டார்.

“ரெண்டு விஷயம்தான் சார். படங்களே பாதித் திரையை அடைச்சுக்குது, கடிதம் தெரிய மாட்டேங்குது. இன்னொண்ணு, அச்சிடுற பட்டன்ல ‘அச்சுறுத்து’ன்னு எழுதியிருக்கு. யாரை மிரட்டப் போகுதோன்னு ஒருத்தரும் அதைத் தொடலை. மத்தபடி புதுசே இருக்கட்டும்.”

இயக்குநர் திகைத்துப் போனார். “அப்ப நீங்க எதிர்க்கலையா?”

“இல்ல சார்.”

“உங்களைச் சம்மதிக்க வைக்க நாப்பத்தாறு ஸ்லைடு தயார் பண்ணியிருக்கேனே.”

நாற்பத்தாறையும் காட்டித்தான் விட்டார். சம்மதித்த பிறகு சம்மதிக்க வைக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியில், அடுத்த கூட்டம்வரை புதுத் தோற்றம் ‘தற்காலிகமாக’த் தொடரும் என்று தீர்மானம் எழுதினார்கள். அடுத்த கூட்டம் நடப்பதற்குள் இயக்குநருக்கு மாற்றல் வந்துவிட்டது. தற்காலிகத்துக்கு இப்போது நான்கு வயது.

‘அச்சுறுத்து’ விவகாரத்தை மட்டும் அக்காவால் விட முடியவில்லை. அந்தத் தன்னார்வலர்களின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதிப் போட்டார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: நன்றி, திருத்திவிட்டோம், மொழிபெயர்ப்பில் இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம் சொற்களை யாரும் சரிபார்க்கவில்லை, உங்களுக்கு நேரமிருக்குமா? மேசைக்கு ஆள் வராததால் அக்காவிடம் நேரம் நிறையவே இருந்தது. மதிய இடைவேளையில் தினமும் பத்துப் பன்னிரண்டு சொல் என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் மொழிபெயர்க்கும் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் இதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. எந்த ஊரென்றே தெரியாத ஒருவர், கணினி தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பை ‘முன்னிருப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். ‘வழக்கம்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே என்கிறார் அக்கா. போன வாரத்தோடு இருவருக்கும் இடையே இருபத்தேழு கடிதங்கள் ஆகிவிட்டன. அவருடைய கடைசிக் கடிதத்தில் ஒற்றுப்பிழை மூன்று இருப்பதை அக்கா முதல் வரியிலேயே குறிப்பிட்டு அனுப்பியிருக்கிறார்.