மாப்பிள்ளைக்கு வெந்நீர்

ஒரு பனை ஈர்க்கை வைத்து என் சொந்த மருமகனை அவித்துவிடப் பார்த்தேன். வெளியே சொல்லும் காரியமா இது? ஆனாலும் ஊரார் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மின்சார வெந்நீர்த் தொட்டி ஒன்றை எடுத்தேன். மகளுக்குத் தலைதீபாவளி. வேம்பாரிலிருந்து வரும் மாப்பிள்ளை விறகுப் புகையில் கண்ணைக் கசக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாமா?

தொட்டிக்குள் 'தெர்மோஸ்டாட்' என்று ஓர் உறுப்பு. தண்ணீர் சுட்டால் அதிலுள்ள பித்தளைக் குழாய் நீளும், மின்சாரம் விட்டுப்போகும். ஆறினால் குழாய் சுருங்கும். மின்சாரம் மறுபடி சேரும். கூட வந்த புத்தகத்தில் படித்தேன். புரிந்தது. நம்பிக்கைதான் வரவில்லை.

ஒத்திகை பார்த்தேன். கை பொறுக்கிற சூட்டிலேயே 'டக்'... நின்றுவிட்டது! துரைமார் தோலுக்கு வைத்த அளவு போலும். நல்லெண்ணெயில் ஊறிய தலைக்கு இது காணுமா? கருப்பட்டி வந்த பனையோலைப் பெட்டியிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, மின்சாரம் விட்டுப்போக முடியாதபடி செருகினேன்.

மாப்பிள்ளை வந்த சாயங்காலம் முழுவதும் தொட்டியின் பெருமையை அவருக்கு விளக்கினேன். தலையாட்டினார்.

தீபாவளி விடியலில் எண்ணெய் வழிய உள்ளே போய்த் தாழிட்டார். நான் வெளியே காவல். தொட்டி முதலில் முனகியது. பிறகு உறுமியது. பிறகு துறைமுகத்துக் கப்பல் மாதிரி ஊதியது! கதவிடுக்கில் ஆவி...

"மாப்ள! வெளிய வாங்க!"

கதவைத் தட்டினேன். தாழ் திறக்கவில்லை.

என் மனைவி ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்கினாள். "மாப்பிளைய அவிச்சா வைக்கப் பாக்குதிய? எம்மவளுக்கு யாரு பதில் சொல்லுதது?"

கதவை உடைக்கத் தோளைக் கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"உள்ள யாரு மாமா?"

ஈரத்தலையும் துண்டுமாக மாப்பிள்ளை! குளியலறையின் கொல்லைக் கதவு வழியே கிணற்றடிக்குப் போயிருக்கிறார்.

ஈர்க்கைப் பிடுங்கியபோது ஒன்று தோன்றியது. போதும் என்று தானாக நிறுத்திக்கொள்கிற எதைக் கண்டாலும் நமக்குச் சந்தேகம்தான். மேடைப் பேச்சாளருக்கும் பந்தி விசாரிப்பவருக்கும் இல்லாத குணமல்லவா! ஒரு பித்தளைக் குழாய்க்கு அது எப்படி வந்தது?

இட்லி சாப்பிடும்போது, ஏன் கிணற்றுக்குப் போனார் என்று மெல்லக் கேட்டேன்.

"எனக்கு வெந்நி ஆகாது மாமா. நேத்தே சொல்லிருப்பேன்... நீங்க எங்க நிறுத்துனிய?"