ஒரு எண் கூடி வந்த காசு

ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் தரையில் துணி விரித்துப் பழைய காசு விற்கிறேன். அதற்கு முன்பு லாரியில் கூடப் போகிற வேலை, கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டுகிற வேலை, ஜொகூரில் கோழிப் பண்ணை, சிங்கப்பூரில் கட்டட வேலை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. எந்த ஊரிலும் மூன்று வருஷம் தாண்டியதில்லை. காசுதான் என்னைப் பினாங்கில் உட்கார வைத்தது.

வெளிநாட்டில் காசுக்குத் தரம் போடும் கம்பெனிகள் இருக்கின்றன. அனுப்பி வைத்தால் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று ஓர் எண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் திருப்பி அனுப்புவார்கள். வாங்குகிறவர்கள் காசைப் பார்ப்பதைவிட அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நான் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துச் சொல்லும் எண், கம்பெனி போடும் எண்ணை ஒட்டியே வரும். சந்தையில் எனக்கு இருந்த மதிப்பு அது ஒன்றுதான்.

அதை நம்பித்தான் தண்ணீர்மலைப் பக்கம் இருந்த ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா விட்டுப்போன காசுகளை அவரும் அவருடைய அண்ணனும் பிரித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் ரயில்வேயில் வேலை பார்த்தவர், கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் வீடு. நான் அக்கா வீட்டுக்குப் போன அன்று மழை. ஹாலில் ட்யூப்லைட் எரிந்தது. சின்னக் காசுகளை எல்லாம் சுலபமாகப் பிரித்தாயிற்று. கடைசியில் ராஜா தலை போட்ட இரண்டு பெரிய வெள்ளிக் காசுகள் மிஞ்சின. ஒன்று, அவர்கள் அப்பா எப்போதோ கம்பெனிக்கு அனுப்பி வாங்கியது. உறையில் அறுபத்து மூன்று என்று இருந்தது. மற்றது உறை இல்லாத வெறும் காசு.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெறும் காசை விளக்குக்கு நேரே இரண்டு முறை திருப்பினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். யார் எதை வேணாலும் எடுத்துக்கலாம்."

அண்ணன் வெறும் காசை எடுத்துக்கொண்டார். அப்பாவின் கை பட்டது என்று சொன்னார்.

சில மாதங்களில் அவர் அதைக் கம்பெனிக்கு அனுப்பினார். எண் இல்லாமல் திரும்பி வந்தது. துடைத்த காசு என்று மட்டும் எழுதியிருந்தது. துடைத்த காசில் மெல்லிய கீறல்கள் விழுந்துவிடும். அதற்கு எண் போட மாட்டார்கள், விலையும் பாதி வராது. அண்ணன் தங்கைக்குப் போன் செய்து, "நீயும் அந்தச் சந்தைக்காரனும் பேசி வச்சுத்தானே எனக்கு அதைத் தள்ளுனீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மலைக்கோயிலுக்கு ஏறும் முன் அவர் தங்கை வீட்டில்தான் குளித்து உடை மாற்றுவார். அந்த வருஷம் வாசலில் நிற்காமலே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னார்.

என்னிடம் அக்கா கோபப்படவில்லை. "என்ன தம்பி இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

சந்தையில் எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன். "கம்பெனிக்காரங்க முன்ன மாதிரி இல்லக்கா. இப்ப ரொம்பக் கண்டிப்பு. உங்க காசை இன்னைக்கு அனுப்பினா அதுக்கும் அறுபத்து மூணு வராது."

அப்படிச் சொன்னபோது என் பேரைக் காப்பாற்றிக்கொள்வதுதான் என் நினைப்பு. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர் ஒருவரை விட்டு அண்ணனிடமும் அதைச் சொல்ல வைத்தார்; அண்ணன் நம்பவில்லை.

"அப்ப என்னோடதையும் அனுப்பு. கொறஞ்சு வரட்டும். அதைக் காட்டினா அண்ணனுக்குப் புரியும்."

காசுக்கு எண் குறைய வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உறையோடு அனுப்பினால் பழைய எண்ணைப் பார்த்துவிட்டுப் போடுவார்கள் என்று, குறட்டால் ஓரத்தை நெரித்து உறையை உடைத்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று மாதம். தினமும் காலையில் விளக்கேற்றும்போது, குறைந்து வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

காசு வந்தது. அறுபத்து நான்கு.

யாரும் தொடாமல் உறைக்குள் கிடந்த காசு. அதே தலை, அதே கன்னத்தில் அதே சிறு புள்ளி. அன்றைக்கு அறுபத்து மூன்று போட்ட கம்பெனி இன்றைக்கு அறுபத்து நான்கு போட்டிருந்தது. பார்த்தவர்கள் வேறு ஆட்களாக இருக்கலாம், பார்க்கிற விதம் இளகியிருக்கலாம். எப்படியானாலும் நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அக்கா உறையை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"இதை எப்படி அண்ணன்கிட்ட காட்டறது?"

"நானும் வர்றேன்கா. மறைச்சா இன்னும் மோசமாயிடும்."

ஃபெர்ரியில் அவர் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டர்வொர்த்தில் இறங்கி பஸ் பிடித்தோம்.

அண்ணன் சாரத்தோடு கேட்டுக்கு வந்தார். தங்கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"வாங்க பெரிய ஆபீசரு. இன்னைக்கு எதுக்கு நம்பர் போட வந்தீங்க? என் நாய்க்கா?"

உள்ளே உட்கார வைத்தார். நான் உறையை நீட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"அறுபத்து நாலா? மூணுதானே இருந்துச்சு? பொட்டிக்குள்ள இருந்தே வளந்துச்சா லா?"

"அப்ப ஒரு மாதிரி பாத்தாங்க, இப்ப ஒரு மாதிரி பாக்கறாங்கண்ணே," என்றார் அக்கா.

"போன வருஷம் கண்டிப்பாயிட்டாங்கன்னு ஆள் விட்டுச் சொன்ன. இப்ப இளகிட்டாங்களா? நீங்க சொல்ற மாதிரியெல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் ஆடுவானா?"

அவருடைய காசைக் கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜன்னலருகே போய் வெயிலில் மெதுவாகச் சாய்த்தேன். ராஜாவின் கன்னத்திலும் தலையைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பிலும் மயிரிழை போலக் கீறல்கள் ஒரே பக்கமாக ஓடின. கற்றுக்குட்டிகூடப் பார்த்திருப்பான்.

"அண்ணே, கம்பெனிக்காரன் மாறினானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்க காசை நான் சரியாப் பாக்கல. மழை, ட்யூப்லைட் வெளிச்சம். எழுந்து போய் நல்ல விளக்குல பாத்திருக்கணும். உட்கார்ந்த இடத்துலயே ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் உறையை மேசையில் வைத்தார்.

"இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமே தம்பி."

"மனசு வரலண்ணே. எனக்கு இருக்கறது இந்தக் கண்ணு ஒண்ணுதான்."

அக்கா உறையை அண்ணன் பக்கம் தள்ளினார். "நீங்களே வச்சுக்குங்க." அவர் அதைத் தொடவில்லை. என் கையிலிருந்த காசை வாங்கி ஜன்னலில் சாய்த்துப் பார்த்தார். இப்போது அவருக்கும் கீறல்கள் தெரிந்தன.

"இது யாரு வேலை தெரியுமா?" என்று முதல் முறையாகத் தங்கையைப் பார்த்துக் கேட்டார். "நீதான். சின்ன வயசுல தீபாவளிக்குச் சாமித் தட்டுல வைக்கணும்னு திருநீறு போட்டுத் தேய்ப்பியே."

"நானா? நான் குத்துவிளக்குதான் தேய்ப்பேன். காசு நீங்கதாண்ணே. பல் தேய்க்கிற பிரஷ் வச்சு."

"பொய் சொல்லாத. அந்த பிரஷ் உன்னோடது."

"பிரஷ் என்னோடது, தேச்ச கை யாரோடது?"

அவர் குரல் ஏறியது. அக்காவின் குரலும் ஏறியது. அறுபத்து நான்கு மேசையில் கிடந்தது. ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது அவர்களுக்கு. நான் வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். போகிறேன் என்று சொன்னேன். இருவர் காதிலும் விழவில்லை.