ஊருக்கெல்லாம் நாவல், எனக்கு மட்டும் இல்லை

புத்தகக்கடை என்பது, புருஷன் நாள் முழுக்க ஊராரிடம் நயமாகப் பேசிவிட்டு, தீர்ந்துபோன நாக்கோடு வீட்டுக்கு வருகிற தொழில்.

ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடைக்காரர்களின் பெண்டாட்டிமாரே, நீங்கள் இப்போது தலையாட்டுவீர்கள் என்று தெரியும். ஆனால் உங்கள் வீட்டுக்காரர்கள் விற்பது துணியும் மாத்திரையும் குக்கரும். என் வீட்டுக்காரர் விற்றது நாவல். அதுவும் குரலைத் தாழ்த்தி, "இத எடுத்துக்கினு போங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லி விற்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூட அப்படி ஒரு புத்தகத்தை நீட்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். நகை கேட்டிருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

பாதி விரித்துப் படிப்பது

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. பள்ளிக்கூடம் திறக்கிற மாசத்தில் கைடும் நோட்டும். மற்ற மாசங்களில் சுவரோரம் இருக்கிற நாவல் அலமாரிதான் சோறு போடும். மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோவேன். அவர் உள்ளே சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார்; முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன்.

கடைப் புத்தகத்தைப் படிப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கை கழுவித் துடைக்க வேண்டும். செய்தித்தாளில் அட்டை போட வேண்டும். ஓரம் மடிக்கக் கூடாது, அடையாளத்துக்குப் பஸ் டிக்கெட்தான். எல்லாவற்றுக்கும் மேலே, புத்தகத்தை முழுசாக விரிக்கவே கூடாது. விரித்தால் முதுகில் கோடு விழும்; கோடு விழுந்தால் புதுசு என்று விற்க முடியாது. பாதி திறந்து, கழுத்தைச் சாய்த்து, கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது மாதிரி படிக்க வேண்டும். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் என்னை நேராக உட்கார்ந்து படிக்கப் பழக்கினார்கள். கல்யாணம் கழுத்தைக் கோணலாக்கியது.

இப்படியே கடையிலும் வீட்டிலுமாக அலமாரி முழுக்கப் படித்துத் தீர்த்தேன். அவரோ ஒரு நாவலும் படித்ததில்லை, மூன்றாவது பக்கத்தில் கண் சொருகிவிடும். ஒரு தடவை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?" என்றேன். புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோடே வுழல கோமதி, நல்லா படிச்சிருக்க."

பாங்க் அம்மா

கடைத்தெரு பாங்கில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தர். வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல், சாயந்திரம் பொழுது போகவில்லை என்று வந்தார். எங்க ஆள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கை நேராகப் பச்சை அட்டை நாவலுக்குப் போனது. கிணறு வெட்ட ஆசைப்பட்ட ஒரு தபால்காரர் மனைவியின் கதை. நல்ல கதை, நானும் படித்திருந்தேன். ஆனால் அதைக் கொடுக்கும்போது அவர் குனிந்து அந்தம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். நான் உள்ளிருந்து டிபன் கேரியரோடு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

நாவலை அல்ல, அந்த மெதுவான குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் அவர் பேசுவதெல்லாம் எதிர்க்கடைக்குக் கேட்கும். அடுத்த வாரம் அந்தம்மா வந்து, நான் பெண்டாட்டி என்று தெரிந்தே, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "கவுண்டர்ல ஆளு நிக்கிறதே தெரியாம படிச்சேங்க. சாருக்குப் பொம்பளைங்க மனசு எப்டிங்க இவ்ளோ தெரியுது?"

நான் சிபாரிசு செய்த நாவல்

சரி, எனக்குத் தெரியாததா என்று ஒரு மத்தியானம் நானே இறங்கினேன். வெள்ளிமலை பஸ் கண்டக்டர் வந்து, "சார் இல்லீங்களா?" என்று கேட்டார். "சார் இல்லாட்டி இன்னா? நான் படிக்காத புக்கு இந்தக் கடையில இல்ல" என்று சொல்லி, ஒரு கனமான நாவலை எடுத்து வைத்து, அதன் நடை என்ன, அமைப்பு என்ன என்று கால் மணி நேரம் விளக்கினேன். மனுஷன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற பயத்தில் வாங்கிக்கொண்டு ஓடினார். நாலு நாளில் திரும்பி வந்து வாசலிலேயே நின்று சொன்னார்: "அக்கா, பஸ்ஸு மலையே ஏறி எறங்கிடுச்சு, இன்னும் அந்தக் கதையில மழ வுடல. கத ஆரம்பிச்சா சொல்லி அனுப்புங்க."

எங்க ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் சொத்தை ஏமாற்றிப் பிடுங்கிய தம்பிக்குக் கடைசியில் மாலை மரியாதை நடக்கிற கதை. நான் படித்துவிட்டு ஆசிரியனைச் சபித்த புத்தகம். அதைப் போய்க் கொடுக்கிறாரே, நன்றாக மாட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். கண்டக்டர் பல்லெல்லாம் தெரிய வந்தார்: "சார், கடைசி பக்கம் படிச்சா பாத்திரம் உருளும்னு சொன்னீங்களே, கரெக்ட்டு சார்! என்கிட்ட பாத்திரம் ஏது, விசிலத்தான் தூக்கி அடிச்சேன்."

யாருடைய தோள்?

அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. இவர் படிப்பதில்லை. ஆனால் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம் என்ன செய்யும் என்று இவருக்குத் தெரிகிறது. அப்படியென்றால் யாரோ படித்துவிட்டு இவரிடம் சொல்கிறார்கள். யாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்கப் படிக்கிறார்கள்! சகோதரிகளே, அந்தச் சந்தேகம் வந்த பிறகு சாம்பாருக்குப் புளி கரைக்கக் கை வருமா?

அந்த நேரம் பார்த்து ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கரும்பும் நெல்லும் வைத்திருக்கிறவர். மனைவி வழுக்கி விழுந்து கட்டிலோடு கிடக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஒரு புத்தகம் வேண்டும் என்றார். நான் நோட்டு அடுக்குக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். எங்க ஆள் சொன்னது இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது: "இதுல சிரிப்பு வருங்க. ஆனா சத்தமா வராது. வாய மூடிக்கினு தோளு மட்டும் குலுங்கும், பாக்கவே நல்லா இருக்கும்."

பாக்கவே நல்லா இருக்குமாம். யாருடைய தோளைப் பார்த்தாராம்? என் வயிறு எரிந்த எரிச்சலில் அன்றைக்கு அடுப்பே வேண்டாம். பெரியவர் பத்து நாள் கழித்து ஒரு கட்டுக் கரும்போடு வந்தார், கண்ணெல்லாம் கலங்கி: "தம்பி, நீ சொன்ன மாதிரியே தோளுதாம்பா குலுங்குச்சு. அவ சிரிச்சே எத்தினியோ மாசமாயிப் போச்சு."

தேன் பாட்டில்

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். கரியாலூர்ப் பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை தவறாமல் மலையிலிருந்து இறங்குவார். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, கையில் குடை, என்னைவிடப் பத்து வயசு சின்னவர். வெறுங்கையோடு வரமாட்டார். ஒரு தடவை மலைத்தேன், ஒரு தடவை பலாச்சுளை. கொடுப்பது என் வீட்டுக்காரரிடம். சனிக்கிழமை மட்டும் எங்க ஆளுக்கு மத்தியானத் தூக்கம் வராது, கவனித்தீர்களா? இரண்டு பேரும் அலமாரி முன்னால் நின்று குசுகுசு என்று பேசுவார்கள். நான் வந்தால் ஊமையாகிவிடுவார்கள்.

"ஏன் டீச்சர், மலையில படிக்கிறதுக்கு ஒண்ணுமே கெடைக்காதுங்களா, ஒவ்வொரு வாரமும் இவ்ளோ தூரம் எறங்கி வர்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். டீச்சருக்குச் சுருக்கென்று தைத்ததாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்: "அக்கா, அந்த நீல அட்டை நாவல எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

நான் எந்த அட்டையைப் படிக்கிறேன் என்பதுவரை இவருக்குச் செய்தி போகிறதா! நேராக உள்ளே போய், பாதியில் இருந்த அந்த நீல அட்டையை டிக்கெட்டோடு எங்க ஆள் முன்னால் போட்டேன். "இனிமே உங்க கடைப் புத்தகம் ஒண்ணும் எனக்கு வேணாம். படிக்கிறதுக்குத்தான் வேற ஆளு இருக்கே" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஐயோ, முக்கால்கூட ஆவலியே."

"இன்னும் வரலீங்க"

ஆடி முழுக்க நான் ஒரு பக்கம் புரட்டவில்லை. மத்தியானத்தில் கடையில் உட்கார்ந்து பூ கட்டினேன். சென்னையிலிருந்து புதுப் பார்சல் வந்து, அலமாரியில் பளபளவென்று புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பாங்க் அம்மா வந்து, "நல்லதா புதுசு எதுனா சொல்லுங்க சார்" என்றார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னும் வரலீங்க" என்றார். கண்டக்டருக்கும் "இன்னும் வரலீங்க." பெரியவருக்கும் அதே பதில். முதுகுக்குப் பின்னால் முப்பது புத்தகத்தை வைத்துக்கொண்டு வரவில்லை என்று சொல்கிற வியாபாரியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கேட்டேவிட்டார்: "அப்ப அது இன்னா சார், கோயில் பிரசாதமா?"

பால் பொங்கிய புத்தகங்கள்

ஆடி கடைசிச் சனிக்கிழமை அவர் சங்கராபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நோட்டு போடப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். டீச்சர் வந்தார். சார் இல்லை என்று தெரிந்ததும் போய்விடுவார் என்று பார்த்தால், குடையை ஓரமாகச் சாத்திவிட்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தேன் பாட்டிலை என் மடியில் வைத்தார். "இது எப்பவுமே உங்களுக்குத்தாங்க்கா. சார் சொல்லலியா?" என்றார். சார் சொல்லியிருந்தால் நான் ஏன் இத்தனை வாரம் அதை நாக்கில் வைக்காமல் இருந்தேன்?

பிறகு டீச்சர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்: "சார்கிட்ட நாங்க கேக்கறதே உங்களைத்தாங்க்கா. 'இதப் படிக்கிறப்ப எங்க வூட்ல பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சுங்க'ன்னு சொல்லி மூணு புக்கு குடுத்தாரு, மூணும் அருமை. 'இத மூடி வெச்சிட்டு வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க'ன்னு ஒண்ணு. 'பாத்திரம் உருண்டுச்சு'ன்னு ஒண்ணு. உங்க காதுல வுழக்கூடாதுன்னுதான் மெதுவா சொல்லுவாரு, தெரிஞ்சா நீங்க இயல்பா படிக்க மாட்டீங்களாம். இப்ப ஒரு மாசமா நாங்க எல்லாரும் காஞ்சு கெடக்கறோம், தயவுசெஞ்சு படிங்க்கா!"

அலமாரி முன்னால்

சாயந்திரம் எங்க ஆள் வந்ததும் அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "எனக்கு ஒரு நாவல் எடுத்துக் குடுங்க. நீங்களா பாத்து" என்றேன். ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிற மனுஷன், மேல்தட்டு, கீழ்தட்டு என்று பார்த்துக்கொண்டே நின்றார். நெற்றியில் வேர்த்தது. ஒன்றை இழுத்தார், திரும்பச் செருகினார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் நகரவில்லை.

கடைசியில் கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ எடுத்தார். என் நீல அட்டை. நான் வைத்த இடத்திலேயே பஸ் டிக்கெட், செய்தித்தாள் அட்டைகூடக் கழற்றவில்லை. யாருக்கும் விற்காமல் வைத்திருந்திருக்கிறார். அதை என் கையில் கொடுத்து, எனக்கும் அந்த மெதுவான குரலில்தான் சொன்னார்: "எனக்கு இன்னா தெரியும் கோமதி? நீ படிச்சாதான எனக்குத் தெரியும். இத மட்டும் முழுசா விரிச்சே படி, கோடு வுழுந்தா வுழட்டும்."

ஆக, ஊர்ப் பொம்பளைகள் மேல் நான் பட்ட பொறாமை எல்லாம் என் மேலேயே பட்டது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் என் தோள் குலுங்குவதைப் பற்றி என்னைத் தவிர ஊருக்கெல்லாம் அவர் சொல்லியிருக்கிறாரே, அந்த எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை.